குளிருக்கு வண்டி கட்டுகிறவர்களுக்கு

திருவனந்தபுரத்தில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. நம் பழைய வீடுகள் காற்றை உள்ளே அழைப்பதற்காகவே கட்டப்பட்டவை. உஷ்ணத்தோடு வாழ நமக்குத் தெரியும். குளிரோடு வாழ யாரும் சொல்லித் தந்ததில்லை. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவும் வந்த பிறகு, படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டியில் லடாக் வரை போக வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு வந்துவிட்டது. என் தம்பி மகனுக்கும் வந்தது. நல்ல ஆசைதான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். அப்படியொரு வண்டியை நீளமான டிரெய்லராகக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அந்த மலை ஏறும்போது எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. டிரெய்லரின் பின்புறத்தை வலப்பக்கம் கொண்டுபோக, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். நம் மலைச்சாலைக்குச் சிறியதே போதும்: ஒற்றை அச்சு, தரையிலிருந்து நல்ல உயரம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் கொக்கியின் மேல் இருக்க வேண்டும். சாமான்களைப் பின்கோடியில் அடுக்கினால் இறக்கத்தில் டிரெய்லர் இருபுறமும் அலைபாயும்; காரையே புரட்டிவிடக்கூடும்.

குளிர் விஷயத்தில் அவன் கேட்டது ஒன்றுதான்: "எல்லா இடுக்கையும் அடைச்சுட்டா போதும்ல, பெரியப்பா?"

போதாது. அதில்தான் ஆபத்தே இருக்கிறது. இரண்டு பேர் மூடிய வண்டிக்குள் தூங்கினால் அவர்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் நீராக வடியும். சுவருக்குள் வைத்த ஃபோம் நனையும், பிளைவுட் உளுத்துப்போகும். இது சின்ன நஷ்டம். பெரியது வேறு. நம் சமையல் கேஸில் பியூட்டேன் அதிகம். பூஜ்ஜிய டிகிரியை நெருங்கினாலே அது ஆவியாவது குறைந்து அடுப்பு மங்கும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அடுப்பும் மின்சாரமும் கைவிட்ட நள்ளிரவில், நடுங்குகிறவன் கும்மட்டியில் கரியை மூட்டி உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவான். அந்தக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை; ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லே நகரின் உயரத்தில், 3,500 மீட்டரில், ஆக்சிஜன் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு குறைவு.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், விடுதி அறையில் கேஸ் ஹீட்டரோடு தூங்கிய எட்டு கேரளப் பயணிகள் காலையில் எழவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். ஒரு குடும்பம் நம் ஊர்க் குடும்பம். கதவும் சன்னலும் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன. அவர்கள் செய்ததில் தவறு என்று எதைச் சொல்வது? குளிர் தெரியாத ஊரிலிருந்து போன எந்தத் தாயும் தகப்பனும் பிள்ளைகளுக்காகச் சன்னலைச் சாத்தத்தான் செய்வார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வண்டியின் அடியில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாக, யாராலும் அடைக்க முடியாத இரண்டு காற்றுத் துவாரங்கள் வேண்டும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் மட்டுமே உள்ளே இருக்கலாம். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாகும். இந்தியன் ஆயில் 2019 முதல் லடாக்கில் விற்கும் குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாது, அங்கே போனதும் அதையே நிரப்பிக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டி வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். கம்பளி இன்னும் இரண்டு வாங்கலாம், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். லடாக்குக்கு முன்னால், ஜனவரியில் மூணாறில் உறைபனி விழும் இரவொன்றில் அவன் அந்த வண்டியில் படுத்துப் பார்க்க வேண்டும். அந்த இரவு சரியாகப் போனால், வடக்கே போகும் தேதியைக் குறிக்கலாம்.