கடவுச்சொல்லும் தமிழ் விசைப்பலகையும்



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிவுற்றது. அதையொட்டி வீடுகளிலும் பள்ளிகளிலும் பல கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறின. மாறிய பின்னர் என் காதில் அடிக்கடி விழும் முறையீடு ஒன்றுண்டு: "கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டுகிறேன், கணினி உள்ளே விட மறுக்கிறது."

முதலில், கணினி எந்தத் திறவுகோலைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. கடவுச்சொல்லோ கணக்கிற்கு உரியது. நாள்தோறும் பின் எண்ணையே தட்டிப் பழகியவர்கள் கடவுச்சொல்லை மறந்தே போயிருப்பார்கள். உள்நுழைவு விருப்பங்கள் என்னும் பகுதியைச் சொடுக்கினால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாப்ட் கணக்காக இருப்பின், மறந்த கடவுச்சொல்லைக் கைப்பேசி வழியாகவே மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் டெலிமா கடவுச்சொல் இவ்விரண்டிலும் சேராதது. வீட்டுக் கணினியை அது திறக்காது.

இவை யாவும் சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லையா? மொழியைப் பாருங்கள்.

எங்கள் பள்ளி மூத்த ஆசிரியை ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. தேர்வுத்தாள்கள் அனைத்தும் அவருடைய மடிக்கணினிக்குள் இருந்தன. ஐந்தாறு முறை முயன்று கலங்கிப்போயிருந்தார். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் குறியை அழுத்தச் சொன்னேன். புள்ளிகள் மறைந்து தமிழ் எழுத்துகள் தெரிந்தன! அவர் தட்டியது ஆங்கிலக் கடவுச்சொல். விசைப்பலகையோ தமிழில் இருந்தது. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்திற்கு மாற்றியதும் கணினி திறந்துகொண்டது.

நிம்மதிப் பெருமூச்சுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. "சார், இந்தத் தமிழ் விசைப்பலகையே வேண்டாம். எடுத்துவிடுங்கள்."

நான் எடுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் கிறுக்கலாகத் தெரிந்த காலம் அது. ஒருங்குறி பரவிய பின்னரே அத்துன்பம் தணிந்தது. 2019-ஆம் ஆண்டு மேம்பாட்டில் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இடம்பெற்றது. இத்தனை பேரின் உழைப்பால் கிடைத்த ஒன்றை ஒரு நாள் சிரமத்திற்காகக் களைவது முறையா?

மொழி அமைப்பில் ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்தேன். நிர்வாக மொழி அமைப்புகளுக்குச் சென்று அவ்வரிசையை உள்நுழைவுத் திரைக்கும் படியெடுத்தேன். பிறகு ஒரு சிறு தாளில் "விண்டோஸ் விசை + இடைவெளி விசை" என்று எழுதி மடிக்கணினியில் ஒட்டினேன். தயவுசெய்து யாரும் கடவுச்சொல்லை இப்படி எழுதி ஒட்டிவிடாதீர்கள்!

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். உள்ளே நுழைந்தும் உங்கள் கோப்புகள் ஒன்றும் காணப்படவில்லையெனில், அது தற்காலிகப் பயனர் கணக்காக இருக்கலாம். அதில் எதையும் சேமிக்க வேண்டா, வெளியேறியதும் அழிந்துவிடும். கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். சில கணினிகள் பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல் என்னும் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே, மேம்படுத்துவதற்கு முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்த்து, மீட்பு எண்ணைக் குறித்துவைத்து, கோப்புகளைப் படியெடுத்துக்கொள்வது நன்று.

பெற்றோர்களே, வீட்டுக் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லையென்றால் பிள்ளை அதைக் கேட்டுப் பெறப்போவதில்லை. கணினியில் தமிழ் இல்லாததே இயல்பு என்று எண்ணிக்கொள்ளும். பூட்டைத் திறக்கத் தெரியவில்லை என்பதற்காக நம் வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்புவோமா? இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தக் கற்றுக்கொள்வோம், கற்றுக்கொடுப்போம்.