வந்தவளும் இருந்தவளும்

கூடைப் பந்தாட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. களத்தில் ஒரு கட்சிக்கு 5 பேர். அமெரிக்கக் கலாசாலைகளில் ஓர் ஆட்டம் 40 நிமிஷம். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200. இந்த 200 நிமிஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று பெண்களுக்குப் படி அளக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் ஊரில், தன் பள்ளிக்கூடத்தில், தானே ராணி என்று இருந்தவள். ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் ஓர் அம்மாவோ அப்பாவோ, "எங்கள் பெண்ணை ஏன் உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்பதற்கு வாயைத் திறந்தபடி நிற்பார்கள். நாலு பேருக்குச் சமைத்த சாம்பாரைத் திடீரென்று வந்த பத்துப் பேருக்கும் சேர்த்துப் பரிமாறிய வாசகிகளுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப் படி அளப்பதில் மகா கெட்டிக்காரி ஒருவர் இருக்கிறார். பெயர் டான் ஸ்டேலி. அமெரிக்காவில் கொலம்பியா நகரத்தில் உள்ள சௌத் கரோலினா சர்வகலாசாலையின் பெண்கள் கோஷ்டிக்குப் பயிற்சியாளர். அந்தக் கோஷ்டிக்குச் 'சண்டைச் சேவல்கள்' என்று பெயர். பெண்கள் ஆடும் கோஷ்டிக்குச் சேவல் என்ற பெயர் எப்படிப் பொருந்தும் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சர்வகலாசாலையில் எல்லாக் கோஷ்டிகளுக்கும் அதே பெயர்தான்.

ஸ்டேலி அம்மாள் 1970-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஏழைகளுக்கென்று சர்க்கார் கட்டிக் கொடுத்த குடியிருப்பில், ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியாக வளர்ந்தார். உயரம் ஐந்தரை அடிதான். கூடைப் பந்தாட்டத்தில் அது குள்ளம். வர்ஜீனியா சர்வகலாசாலையில் நாலு வருஷம் ஆடி, மூன்று தடவை கடைசி நான்கு கோஷ்டிகளில் ஒன்றாக வந்தும் கோப்பை கிட்டவில்லை. 1991-ல் இறுதி ஆட்டத்தில், அதிகப்படி நேரம் கொடுத்து ஆடியும் மூன்றே புள்ளியில் தோற்றது. பிற்பாடு ஒலிம்பிக்கில் ஆட்டக்காரியாக மூன்று தங்கம் வாங்கினார். ஆனாலும் கலாசாலைக் கோப்பை என்ற குறை மட்டும் மனத்தில் தங்கிவிட்டது போலிருக்கிறது. 2008-ல் சௌத் கரோலினாவுக்கு வந்தார். முதல் வருஷம் 10 ஜயம், 18 தோல்வி. 'இந்த அம்மாள் எத்தனை நாளைக்கு?' என்று நாலு பேர் பேசத்தான் பேசியிருப்பார்கள்.

இவர் கோஷ்டி சேர்க்கிற விதத்தைச் சொல்வதற்கு முன்னால், அந்த நாட்டில் சட்டம் எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு மாணவி ஒரு கலாசாலையை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால், இருக்கிற இடத்தில் அனுமதி கேட்க வேண்டும். போன இடத்திலும் ஒரு வருஷம் ஆடாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 2018 அக்டோபரில் 'போர்ட்டல்' என்று ஒரு பதிவேடு ஏற்படுத்தினார்கள். மாணவி 'என் பெயரைப் போடுங்கள்' என்றால் இரண்டு வேலை நாளுக்குள் கலாசாலை போட்டே தீர வேண்டும். அதன் பிறகு எந்த ஊர்ப் பயிற்சியாளரும் அவளோடு பேசலாம். 2021-ல், முதல் தடவை மாறுகிறவள் ஒரு வருஷம் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை மாறினாலும் உட்கார வேண்டாம் என்று ஆயிற்று. நடுவில் பணமும் வந்து சேர்ந்தது. 2021 ஜூலை முதல் மாணவிகள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கலாசாலைகளே நேராகப் பணம் கொடுக்கலாம். வருஷா வருஷம் வசந்த காலத்தில் கல்யாணத் தரகர் வீட்டு வாசல் மாதிரி ஒரே ஜாதகப் பரிவர்த்தனை!

இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். பயிற்சியாளர்கள் நினைத்தபோது வேலையை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். பதினெட்டு வயதுப் பெண் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டுமா? ஆனால் கோஷ்டி கட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான். சில பயிற்சியாளர்கள், இனி பள்ளிக்கூடப் பெண்களை எடுத்து வளர்ப்பானேன், வருஷத்துக்கு வருஷம் தயாரான ஆட்டக்காரிகளையே கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார்கள். கடைச் சாப்பாட்டிலேயே குடித்தனம் நடத்துவது போல. ஸ்டேலி அம்மாள் வழி அதுவல்ல. அடுப்பு தன் வீட்டில்தான் எரிய வேண்டும். குறைகிற பண்டம் எது என்று பார்த்து, அதை மட்டும் வெளியிலிருந்து வாங்குவார்.

அவருடைய முதல் கோப்பை 2017-ல் வந்தது. அதற்கு அஸ்திவாரம் ஏஜா வில்சன் என்ற பெண். கொலம்பியாவுக்குப் பக்கத்து ஊர்க்காரி. அலிஷா கிரே, கேலா டேவிஸ் என்ற இருவர் வேறு கலாசாலைகளிலிருந்து வந்தார்கள். பழைய சட்டப்படி ஒரு வருஷம் முழுக்க ஆடாமல், பயிற்சிக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மறு வருஷம் நெட்டைப் பெண் ஒருத்திக்குக் கால் அடிபட்டுப் போகவே, ஸ்டேலி அம்மாள் இந்த இரண்டு பேரின் ஓட்டத்தை நம்பிக் கோஷ்டியையே மாற்றி அமைத்தார். கோப்பை கிடைத்தது. எனக்கு அந்தக் கோப்பையைவிட, அதற்கு முந்தின வருஷம் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் பெரிதாகப் படுகிறது. வந்தவளுக்கு வீட்டைத் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் கிடைத்தது. இருந்தவர்களுக்கும் வந்தவளைத் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்தச் சட்டம் போய்விட்ட பிறகு அந்த அவகாசத்துக்கு எங்கே போவது?

அதற்குப் பதில் கமிலா கார்டோசோ.

பிரேசில் தேசத்துப் பெண். உயரம் 6 அடி 7 அங்குலம். பதினைந்தாவது வயதில், ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாமல், அம்மாவை விட்டு அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவள். சிரக்யூஸ் சர்வகலாசாலையில் முதல் வருஷமே அந்தப் பந்தயக் கூட்டத்தின் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கினாள். அங்கேயே இருந்திருந்தால் ராணி. 2021-ல் சௌத் கரோலினாவுக்கு வந்தாள். உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்! ஏனென்றால் அவளுடைய இடத்தில் அலியா பாஸ்டன் என்ற பெண் ஏற்கெனவே இருந்தாள். 2019-ல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த கூட்டத்தில் தலையானவள் அவள். அந்தக் கூட்டம் நாலு வருஷத்தில் 129 ஆட்டம் ஜயித்து, 9-ல்தான் தோற்றது. வந்தவள் எத்தனை கெட்டிக்காரியானாலும், இருந்தவளை எழுந்திருக்கச் சொல்லி அந்த ஆசனத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை ஸ்டேலி அம்மாள். இரண்டு வருஷம் கமிலா பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து போய்ப் பத்து, இருபது நிமிஷம் ஆடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். 2022-ல் கோஷ்டிக்குக் கோப்பை கிடைத்தபோதும் அவள் மாற்று ஆட்டக்காரிதான். 2023-ல் மாற்று ஆட்டக்காரிகளில் சிறந்தவள் என்று ஒரு பரிசு கொடுத்தார்கள். சமையலறையில் ஒத்தாசை செய்தவளுக்குத் தனியாக ஒரு பரிசு என்பது போல. வாங்கிக்கொள்ளும்போது சந்தோஷமாகவும் இருக்கும், சுருக்கென்றும் இருக்கும்.

அந்த 2023-ல்தான் பெரிய அடி விழுந்தது. 36 ஆட்டம் தோற்காமல் வந்த கோஷ்டி, அயோவா என்ற கோஷ்டியிடம் 77க்கு 73 என்று தோற்றது. எதிர்க் கட்சியில் கெய்ட்லின் கிளார்க் என்ற பெண் தனியாக 41 புள்ளி போட்டாள். போதாததற்கு, சௌத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் தூரத்தில் பந்தோடு நின்றபோது, 'இவள் எங்கே போடப் போகிறாள்' என்பது போலக் கையை வீசிவிட்டு, அவளைத் தடுக்காமல் நகர்ந்து போனாள். அந்தக் காட்சியைத் தேசம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தது. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக ரேவன் பின்னால் சொன்னாள். பதிவேடு திறந்திருந்தது. வேறு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

முதல் ஐந்து பேரும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். வேறொருவராக இருந்தால் அந்தக் கோடையில் பதிவேட்டைப் புரட்டி ஐந்து பேரைக் கொண்டு வந்திருப்பார். ஸ்டேலி அம்மாள் முக்கியமாகத் தேடியது ஒருத்தியைத்தான். கோஷ்டியில் குறைந்தது என்ன? தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடும் கை. ஆரிகன் சர்வகலாசாலையிலிருந்து டெஹீனா பௌபௌ என்ற பெண் வந்தாள். அந்தக் கையோடு வந்தாள். மற்ற இடங்களுக்கெல்லாம் இதுவரை உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார். கமிலாவுக்கு மூன்றாவது வருஷம் ஆசனம் கிடைத்தது.

அவளும் சந்தனக் கட்டை அல்ல, மனுஷிதான். 2024 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில், நேரம் முடிகிற மணியோடு, அதுவரை கலாசாலை ஆட்டத்தில் ஒரு தடவைகூடப் போட்டிராத தூரத்து மூன்று புள்ளியைப் போட்டு 74க்கு 73 என்று ஜயித்துக் கொடுத்தாள். மறுநாளே எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, களத்தை விட்டு வெளியேற்றப்பட்டாள். தண்டனையாகத் தேசியப் பந்தயத்தின் முதல் ஆட்டத்தில் அவள் ஆட முடியாது. அவள் இல்லாமலே 91க்கு 39. அப்போது தெரிந்தது, எத்தனை பேரை அந்த அம்மாள் பெஞ்சிலேயே தயாராக வைத்திருந்தார் என்று.

இறுதி ஆட்டம் 2024 ஏப்ரல் 7-ல். நம் ஊரில் நடு நிசி தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, கையிலுள்ள டெலிபோன் திரையில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் அதே அயோவா. எடுத்த எடுப்பில் அயோவா 10, சௌத் கரோலினா 0. அந்தக் கிளார்க் முதல் பத்து நிமிஷத்திலேயே 18 புள்ளி. போச்சு என்று திரையை மூடப் போனேன். மூடவில்லை. மெள்ள மெள்ளக் கணக்கு ஏறியது. கிளார்க்கைத் தடுக்கும் வேலையில் முன்னால் நின்றவள், யாரைப் பார்த்துக் கையை வீசினாளோ அதே ரேவன்தான். பாக்கி 30 நிமிஷத்தில் கிளார்க் போட முடிந்தது 12 புள்ளி. கமிலா 15 புள்ளி போட்டு, விழுந்த பந்துகளில் 17-ஐப் பிடித்தாள். முடிவு 87க்கு 75. அந்த வருஷம் ஆடின 38 ஆட்டத்திலும் ஜயம்.

இதில் ஒரு கணக்கை மட்டும் காலையில் எழுந்ததும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள் போட்ட புள்ளி: சௌத் கரோலினா 37, அயோவா 0. அந்த 37-ல் 19 போட்டவள் டெஸ்ஸா ஜான்சன் என்ற முதல் வருஷப் பெண்.

இதையெல்லாம் என் நாத்தனாரிடம் சொன்னேன். அவளுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனுஷர்களைப் பற்றி நன்றாகத் தெரியும். "அண்ணி, வந்தவள் பொறுத்திருந்தாள், சரி. இருந்தவள் பொறுத்திருக்கவில்லை என்றால் உங்கள் ஸ்டேலி என்ன செய்வாள்?" என்று கேட்டாள்.

சரியாக அதுதான் 2025-ல் நடந்தது. இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் கோஷ்டியிடம் 82க்கு 59 என்று தோற்ற பிறகு, மிலேஷியா ஃபுல்வைலி என்ற பெண் கிளம்பிவிட்டாள். கொலம்பியா நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பந்தோடு அவள் பாய்வதைப் பார்க்கவே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு வருஷமும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் ஆடினாள். கமிலாவுக்குக் கொடுத்த அதே பரிசு அவளுக்கும் கிடைத்தது. கமிலா மூன்றாவது வருஷத்துக்குக் காத்திருந்தாள், இவள் காத்திருக்கவில்லை. போன இடம், பரம வைரியான லூயிசியானா. அதே சமயத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து தனியா லாட்ஸன் என்ற பெண் வந்து சேர்ந்தாள். அந்த வருஷம் தேசத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி அதிகப் புள்ளி போட்டவள்: 25.2. பள்ளிக்கூடத்தில் ரேவனோடு ஒரே கோஷ்டியில் ஆடின சிநேகிதி.

"அப்படிச் சொல்லுங்கள்!" என்றாள் நாத்தனார். "ஊர்ப் பெண்ணுக்குப் பாய், வந்த பெண்ணுக்குப் பட்டு மெத்தை!"

எனக்குக் கோபம் வந்தது. பட்டு மெத்தை என்று யார் சொன்னது? 25 புள்ளி போட்டவள் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டுக்கு வந்தால், அவள் கைக்குப் பந்து வருவதே பாதியாகிவிடும். அது தெரிந்துதான் வந்தாள். போனவளும் நன்றி கெட்டவள் அல்ல. 200 நிமிஷம் 210 ஆகாது. ஒருத்திக்கு ஐந்து நிமிஷம் கூட்டினால் இன்னொருத்தியிடமிருந்துதான் எடுக்க வேண்டும். போகாமல் தடுக்க ஸ்டேலி அம்மாள் அவளுக்கு முதல் ஆசனத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால், கமிலாவை இரண்டு வருஷம் உட்கார வைத்ததற்கு என்ன அர்த்தம்? அடுத்த வருஷம் உட்காரப் போகிறவளுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நியாயம் சொல்வது?

நாத்தனார் வெகு நேரம் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "இருந்தாலும் அந்த ஊர்ப் பெண் போயிருக்க வேண்டாம்" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

"இரண்டு கோஷ்டியும் எதிரெதிரே ஆடுகிற நாள் வருமா?"

"வரும்."

"அன்றைக்கு என்னையும் எழுப்புங்கள், அண்ணி."