பனிக்காலத்தில் ஒரு கணவாய்

தமிழில் 'பனி' என்பது ஒரே சொல்தான். மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்பதும் பனி. இமயத்தின் முடியில் ஆண்டு முழுவதும் கிடப்பதும் பனி. "பனியில் நிற்காதே, தலையில் நீர் கோத்துக்கொள்ளும்" என்று எங்கள் அம்மா தில்லி வீட்டின் மொட்டை மாடியில் அதட்டும்போது, தாம் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிச் சீமையின் பனியைத்தான் நினைத்துக்கொள்கிறார். அந்த அம்மாவிடம், "நானும் தம்பியும் பிப்ரவரி மாதத்தில் லடாக்கில் மிதிவண்டி ஓட்டப் போகிறோம்" என்று சொல்லி இசைவு பெறுவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. "அவன் கை கால் முழுதாகத் திரும்பி வரவேண்டும். அது உன் பொறுப்பு" என்று கடைசியில் ஒரு நிபந்தனையோடு விடை தந்தார். தம்பிக்கு அப்போது வயது பத்தொன்பது.

கோடையில் லடாக்குக்கு மிதிவண்டியில் செல்வோர் பலர். மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களும் உள்ளன. ஆனால் குளிர்காலத்தில் அந்தச் சாலை பனியில் மூடிக் கிடக்கும். மேற்கே, காசுமீரத்துக்கு இறங்கும் சோஜி லா கணவாயும் பனிப்பொழிவால் அடைபடும். இவ்விரண்டுக்கும் இடையில் லே நகரையும் கார்கில் நகரையும் இணைக்கும் சாலையை மட்டும், எல்லைச் சாலைகள் நிறுவனத்தார் பனியை ஒதுக்கித் திறந்து வைத்திருக்கின்றனர். அதன் நீளம் ஏறத்தாழ 215 கிலோமீட்டர். இடையில் இரண்டு கணவாய்கள்: ஃபோட்டு லா, நமிக்கா லா. லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய். ஆகவே 'ஃபோட்டு லா கணவாய்' என்று நான் எழுதினால் அது 'நடுச்சென்டர்' என்பது போலாகிவிடும். இனி அவ்வாறு எழுதமாட்டேன்.

லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே விமானத்தில் இறங்கியவர் உடனே மிதிவண்டியில் ஏறக்கூடாது. குறைந்த காற்றுக்கு உடல் பழக வேண்டும். நாங்கள் மூன்று நாள் மெல்ல நடந்தோம், நிறைய நீர் குடித்தோம், உறங்கினோம். மிதிவண்டிகளைக் குளிருக்கு ஆயத்தம் செய்ததும் அப்போதுதான். வழக்கமான மசகு கடுங்குளிரில் இறுகிவிடும்; பின்சக்கரத்தின் உட்பற்கள் பிடிக்காமல் மிதி வெறுமனே சுற்றும். ஆதலால் பழைய மசகைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் இட்டோம். டயர்களில் சிறிய உலோக முட்கள் பதித்தவை உண்டு. பனிக்கட்டியின்மேல் அவையே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். நீர்ப் புட்டியைத் தலைகீழாகச் செருகி வைக்க வேண்டும் என்பதைத் தம்பிதான் கண்டுபிடித்தான். நீர் மேற்புறத்தில்தான் முதலில் உறையும். புட்டி தலைகீழாக இருந்தால் பனிக்கட்டி அடிப்பக்கத்தில் கட்டும், வாய்ப்பக்கம் திறந்திருக்கும். கைப்பேசியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டோம். வெளியே வைத்தால் மின்கலம் சோர்ந்துவிடும்.

தின்பண்டங்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாக்லேட் அந்தக் குளிரில் செங்கல்லாகிவிட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்தால் பல் போய்விடும். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு மட்டும் முறுக்காகவே இருந்தது. அதில் நீர் இல்லை, ஆதலால் உறைவதற்கு ஒன்றுமில்லை. பொரிவிளங்காய் உருண்டையைப் பற்றிக் கேட்கவேண்டாம். அது எந்த ஊரிலும் கல்தான்.

முதல் நாள் சிந்து ஆற்றின் ஓரமாகவே சாலை சென்றது. நிம்மு என்னும் ஊரருகே சான்ஸ்கர் ஆறு வந்து சிந்துவில் கலக்கிறது. சிந்துவின் நீர் பச்சைக் கண்ணாடி போல் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் வெள்ளை விளிம்பாகப் பனிக்கட்டி. மிதிக்கும்போது குளிர் தெரியவில்லை. பார்க்கப்போனால், குளிர்காலத்தில் மிதிவண்டி ஓட்டுவோரின் முதற்பகை குளிர் அன்று, வியர்வை. ஏறும்போது வியர்த்து உள்ளாடை நனைந்தால், நின்றவுடன் அந்த ஈரமே உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி ஆடை ஈரத்தை விடாது. ஆதலால் உடலை ஒட்டிக் கம்பளி. ஏற்றத்தில் சட்டையைத் திறந்துவிட வேண்டும், உச்சியில் நின்றதும் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ள வேண்டும். நம் வழக்கத்துக்கு இது நேர்மாறு.

சஸ்போல், கல்சி ஆகிய ஊர்களில் தங்கி, மூன்றாம் நாள் மாலை லாமாயுரு சேர்ந்தோம். முற்காலத்தில் ஏரியாக இருந்து வற்றிய இடம் அது. ஏரியின் அடியில் படிந்த மஞ்சள் களிமண், காற்றும் நீரும் அரித்து, மடிப்பு மடிப்பாக நிற்கிறது. அதன்மேல் பழைய பௌத்த மடம். மடத்தின் கீழே ஒரு வீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வீட்டுத் தலைவியை 'அமாலே' என்று அழைத்தோம். 'அமா' என்றால் அம்மா. 'லே' என்பது மரியாதை விகுதி. நாம் 'அம்மாங்க' என்போமே, அதுபோல. வணக்கம் சொல்வதும் நன்றி சொல்வதும் விடைபெறுவதும் அங்கே 'ஜூலே' என்னும் ஒரே சொல்தான். தம்பி அதை அரைநாளில் கற்றுக்கொண்டு வழியில் கண்ட எல்லோரிடமும், இரண்டு கழுதைகளிடமும், சொல்லிக்கொண்டே வந்தான்.

லாமாயுருவிலிருந்து ஃபோட்டு லா சுமார் 15 கிலோமீட்டர். 600 மீட்டர் உயரம் ஏறவேண்டும். கோடையில் இது ஒரு காலை நேரத்து வேலை. நாங்கள் பத்து மணிக்குமேல்தான் புறப்பட்டோம். கதிரவன் பள்ளத்தாக்கில் இறங்கிச் சாலையின்மேல் பட்ட பிறகே ஓட்டுவது நல்லது. மலை நிழல் விழும் வளைவுகளில் கரிய சாலையின்மேல் கண்ணாடி போன்ற பனிக்கட்டி படிந்திருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் ஈரம் என்றே தோன்றும். அங்கெல்லாம் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பகல் ஒரு மணிக்கு மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. வானம் சாம்பல் நிறமாயிற்று. உச்சிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது தம்பியின் வண்டிச் சங்கிலி கழன்றது.

அதை மாட்டத் தடித்த கையுறையைக் கழற்றினான். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்தக் குளிரில் இரும்பைத் தொடுவது நெருப்பைத் தொடுவதற்கு ஒப்பாகும். கையுறையை மீண்டும் மாட்டிப் பத்து நிமிடம் மிதித்தபின் அவன் நின்றுவிட்டான். "அக்கா, பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. கை என் கையாகவே இல்லை" என்றான்.

கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். வலக்கையின் மூன்று விரல் நுனிகள் மெழுகுவத்திபோல் வெளுத்திருந்தன. அழுத்தினாலும் அவனுக்குத் தெரியவில்லை. வெளுத்த விரலைத் தேய்க்கக்கூடாது, பனியால் துடைக்கவே கூடாது. அது உறைந்த தோலைக் கிழித்துவிடும். என் மேற்சட்டையைத் திறந்து, அவன் கையை என் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டேன். சாலையோரப் பாறையின் மறைவில் அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால், நான் எண்ணியது இருபது நிமிடம். எனக்கு அது ஒரு பகல். அம்மா சொன்ன நிபந்தனை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஊசி குத்துகிறது அக்கா, எரிகிறது" என்று அழுதான். எனக்கு உயிர் வந்தது. வலி திரும்பினால் குருதி திரும்புகிறது என்று பொருள்.

அழுகை நின்றதும் வழக்கு தொடங்கியது.

"இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே அக்கா? இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா?"

"ஏறிவிடலாம். ஏறுவது எனக்குக் கவலையில்லை. இறங்குவது எப்படி?"

அவன் விடை சொல்லவில்லை. அவனுக்கும் கணக்குத் தெரியும். ஏற்றத்தில் கால்கள் உழைக்கின்றன; உடல் சூடாக இருக்கிறது. இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை. உடல் சூட்டை உண்டாக்காது, எதிர்க்காற்றோ அதைப் பறித்துக்கொண்டே இருக்கும். காற்றின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் இறங்கினால், முகத்துக்கும் கைக்கும் அது ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரியாகத் தெரியும். அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் விரல்களை மடக்கிப் பிரேக்கைப் பிடித்தே இருக்கவேண்டும். ஒருமுறை உறையத் தொடங்கிச் சூடேறிய விரல் மறுமுறை உறைந்தால் முதல்முறையைவிடக் கேடு மிகுதி. பின்னால் லாமாயுரு இருந்தது; முன்னால் இன்னும் ஏற்றமும், அதற்கப்பால் நாங்கள் பாராத நீண்ட இறக்கமும், ஐந்து மணிக்கு மறையப்போகும் கதிரவனும் இருந்தன.

திரும்பினோம். ஏறி உட்கார்ந்து இறங்கவில்லை; உடல் சூடாக இருக்கவேண்டும் என்பதற்காக வண்டிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். இரண்டரை மணி நேரம். அவன் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பத்தொன்பது வயதில் இது பெரிய தோல்வி. நான் அதைப் புரிந்துகொண்டேன், ஆனாலும் இரங்கவில்லை.

அமாலே அவன் கையைக் கண்டதும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. நடுவீட்டில் புகாரி என்னும் இரும்பு அடுப்பு சாணவரட்டியில் எரிந்துகொண்டிருந்தது. தம்பி அதை நோக்கிக் கையை நீட்டியபோது, சிறுபிள்ளையைப் பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். உணர்வு குன்றிய விரலுக்குச் சூடு தெரியாது, தீப்புண் ஆகிவிடும். ஒரு தட்டில் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவந்து, தம் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து, அதில் அவன் விரல்களை வைத்தார். நம் வீட்டுப் பாட்டிகள் குழந்தையைக் குளிப்பாட்டுமுன் செய்வதும் அதுதான். பின்பு உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் வந்தது. தேநீர் என்று எண்ணிக் குடித்தால் அது பிடிக்காது; ரசம் என்று எண்ணிக் குடித்தால் மிக நன்றாக இருக்கும். கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திச் செய்த துண்டுகளைக் காய்கறியோடு வேகவைத்த 'ஸ்க்யூ' என்னும் உணவை இரண்டு கிண்ணம் உண்டபின் தம்பி வாய் திறந்தான். "நாளைக்கு?" என்றான். "காலையில் விரலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

பனிக்காலத்தில் மிதிவண்டி ஓட்டும் பித்து எங்களோடு தோன்றியதன்று. டெர்வ்லா மர்ஃபி என்னும் அயர்லாந்துப் பெண்மணிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு மிதிவண்டியும் ஒரு நிலப்படத் தொகுப்பும் பரிசாகக் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்தியாவுக்கு மிதிவண்டியிலேயே போய்விடலாம் என்று அந்தச் சிறுமி முடிவு செய்தாராம். 1963 ஜனவரியில், ஐரோப்பா அண்மையில் கண்டிராத கடுங்குளிரில், தனியே புறப்பட்டார்; அதே ஆண்டில் தில்லிக்கும் வந்து சேர்ந்தார். இந்தக் கதையை அன்றிரவு தம்பிக்குச் சொன்னேன். "அவருக்குத் திரும்பச் சொல்ல அக்கா இல்லை போலும்" என்று போர்வைக்குள்ளிருந்து விடை வந்தது. கோபம் தணிந்துவிட்டது என்று அறிந்துகொண்டேன்.

காலையில் விரல்கள் சிவந்திருந்தன. கொப்புளம் இல்லை, தொட்டால் உணர்வு இருந்தது. அறைக்கு வெளியே வெப்பமானி மைனஸ் 14 டிகிரி காட்டியது. ஆனால் காற்று இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல் நீலம். அமாலே தம் வீட்டிலிருந்து ஆட்டுக் கம்பளியில் பின்னிய, விரல் பிரியாத பையுறை ஒன்றைத் தம்பியின் கையில் மாட்டினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடு தரும். சங்கிலி கழன்றால் நான்தான் மாட்டுவேன் என்று உடன்படிக்கை செய்துகொண்டு புறப்பட்டோம்.

வழியில் சாலைப் பணியாளர்கள் பனிக்கட்டியின்மேல் மண் தூவிக்கொண்டிருந்தனர். நாங்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு, இயந்திரத்தின் மேலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "தமிழா? இந்தக் குளிரில் உங்களை யாரம்மா அனுப்பினார்கள்?" என்றார். ஆம்பூர்க்காரர். "மேலே மூன்று வளைவு தாண்டியதும் நிழற்பக்கம் முழுவதும் கண்ணாடி. நாங்கள் இன்னும் அங்கே மண் போடவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சின்றித் தம் வேலையைத் தொடர்ந்தார். அவர் சொன்ன இடத்தில் சரியாக இருந்தது கண்ணாடி.

பகல் ஒன்றரை மணிக்கு உச்சியை அடைந்தோம். உயரம் 4,108 மீட்டர் என்று பலகை சொல்லிற்று. அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. பத்து அடி நடந்தால் ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டும். ஐந்து நிறக் கொடிகள் வெளுத்துக் கந்தலாகிப் படபடத்தன. கணவாயைக் கடக்கும் லடாக்கியர், 'கி கி சோ சோ லார்கியாலோ' என்று உரக்கக் கூவுவார்கள். தெய்வங்களுக்கே வெற்றி என்பது அதன் பொருள். தம்பிக்குக் கூவ மூச்சில்லை. முறுக்குப் பையைத் திறந்து எனக்கொன்று கொடுத்துத் தானும் ஒன்றைக் கடித்தான். பிறகு, கையிலிருந்த எல்லா ஆடைகளையும் மாட்டிக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுத்தி, நான் கேட்காமலே கையைக் கழற்றி விரல்களை என்னிடம் காட்டினான்.

மறுநாள் நமிக்கா லாவைக் கடந்தோம். அது 3,700 மீட்டர்தான். அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. முல்பெக் என்னும் ஊரில் சாலையை ஒட்டிய தனிப்பாறையில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்கு மைத்ரேய புத்தரைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர் காலடியில் வெயில் காய்ந்தபடி கைப்பேசியில் அம்மாவிடம் பேசினோம். தம்பி தன் பத்து விரல்களையும் திரையின்முன் விரித்துக் காட்டினான். அம்மா ஒவ்வொன்றாக எண்ணினார்.

ஏழாம் நாள் கார்கில். அங்கிருந்து லே திரும்ப, மிதிவண்டிகளை வாடகை வண்டியின் கூரையில் கயிற்றால் கட்டினோம். ஏழு நாள் வந்த வழியை ஒரே பகலில் அது கடந்தது. லாமாயுருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கம்பளிப் பையுறையை அமாலேயிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஃபோட்டு லாவைத் தாண்டியபோதே தம்பி சன்னலில் தலைசாய்த்து உறங்கிவிட்டிருந்தான். பையுறையோடு வண்டிக்குத் திரும்பியதும் மறுபடியும் உறங்கிப்போனான்.