ரேடியோ நெல்லும் ஒரு சின்ன மைக்கும்

ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு நம் தஞ்சைப் பக்கத்தில் "ரேடியோ நெல்" என்று ஒரு பேர் இருந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். குறுவைக்கு ஏற்ற 105 நாள் பயிர். 1960-களின் பின்பாதியில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பலர் அதை விதைத்ததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. 1939-இல் தொடங்கிய நிலையம் அது. வானொலி சொன்னது ஊருக்கெல்லாம் கேட்டது. கேட்டுவிட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, மூன்று மாவில் மட்டும் நட்டுப் பார்த்தவர்களை யார் கேட்டார்கள்? அவர்களில் இருப்பவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

அவர்களைப் பேட்டி எடுத்துப் பாட்காஸ்டாகப் போடலாம் என்று பேரனிடம் சொன்னேன். அவன் உடனே ஒரு பட்டியல் அனுப்பினான். பெரிய கண்டன்சர் மைக், அதற்கு 48 வோல்ட் கொடுக்கும் பெட்டி, லேப்டாப், ஸ்டாண்டு. சென்னையில் ஏசி அறைக்குள் பேசுகிறவர்களுக்குச் சரி. கண்டன்சர் மைக் நுட்பமானது. மெல்லிய குரலையும் பிடிக்கும், கொல்லையில் கத்தும் கோழியையும் பிடிக்கும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் அதை நிறுத்தினால் அவர் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார். அது எனக்கு வேண்டாம்.

நான் வாங்கியது கையடக்கமான ஜூம் எச்1என் ரெக்கார்டர். இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும். கூடவே கவ்விக்கொள்ளும் காலர் மைக் இரண்டு, இரண்டையும் ஒரே துளையில் செருக ஒரு பிரிப்பு வயர். இடது சேனலில் அவர், வலது சேனலில் நான். நான் நடுவில் "உம்" கொட்டினால் பிறகு என் பக்கத்தை மட்டும் குறைத்துவிடலாம்.

மைக்கின் விலையைவிட அது வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும். மின்விசிறிச் சத்தம் இறங்காது. அதனால் மார்பில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டுகிறேன். இதில் ஒரு சிக்கல், எந்தப் புத்தகமும் சொல்லாதது. நம் பெரியவர்கள் வீட்டில் சட்டையா போடுகிறார்கள்? துண்டில்தான் மாட்ட வேண்டும். பேச்சு சூடு பிடித்ததும் துண்டை உதறித் தோளில் போடுவார்கள், மைக் முதுகுப் பக்கம் போய்விடும். துண்டை மாலை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, குறுக்கே ஒரு ஊக்கு குத்திவிடுவேன். "என்ன தம்பி, மாப்பிள்ளை அலங்காரமா?" என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.

காதை முழுக்க மூடும் ஹெட்போன் கட்டாயம் வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடுவது நம் காதுக்குப் பழகிப்போனது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஹெட்போனில் கேட்டால்தான் அது தெரியும். டைல்ஸ் போட்ட புது ஹாலில் கை தட்டிப் பாருங்கள், எதிரொலிக்கும். நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் தட்டினால் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். அந்த அறையைத்தான் கேட்டு வாங்குகிறேன். மார்கழி விடியலில் பக்கமே போவதில்லை, கோயில் ஒலிபெருக்கி. பம்புசெட் ஓடாத மத்தியானம் நல்லது. ஒருநாள் பேட்டிக்கு நடுவில் கரண்டு போய் மின்விசிறி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக மின்வாரியத்தை மனதார வாழ்த்தினேன்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உரத்த சத்தம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கிற மாதிரி அளவு வைக்கிறேன். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி. 32 ஜிபி கார்டில் முப்பது மணி நேரம் தாராளம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் நகல். எம்பி3 எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பத்தான்.

ஐப்பசியில் பேட்டி கொடுத்த ஒரு பெரியவர் தையில் காலமானார். முதல் வருஷம் அந்த நெல் கண்டுமுதல் ஆன கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னவர். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் வெற்றிலைப் பெட்டியை "டக்"கென்று மூடுவார். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டிவிடலாம் என்று பேரன் சொன்னான், நான் விடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் மகளிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். பேச்சு தொடங்கவே இல்லை, பெட்டிச் சத்தத்துக்கே அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தரம் போடுங்க அண்ணே" என்றார். நெல்லைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

தாளடி அறுப்பு முடிந்ததும் ஒரத்தநாட்டுப் பக்கம் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் என் மைக்கின் அளவை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம் என்று பார்த்தால், இந்தக் கருவியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே திருகுதான். என் மைக்கை மட்டும் இடுப்புக்கு இறக்கிக் குத்திக்கொள்வதாக இருக்கிறேன்.