பழைய எண், புதிய எண்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு எண்கள் இருக்கும்: பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. சென்னைக்காரர்களுக்கு இது அதிசயமில்லை. வீடு ஒன்று, விலாசம் இரண்டு. பலகை மாறி எத்தனையோ வருடமாகியும் எங்கள் தபால்காரர் மனதில் பழைய எண்தான் இருந்தது.

பொறியியல் படிக்கும் பேத்தி சென்ற மாதம் ஒரு குட்டி இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தாள். "செக்மென்ட் ரெஜிஸ்டர்தான் தாத்தா தகராறு" என்றாள். பாண்டியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வாயில் அது 'செக்மான்' என்றுதான் வரும். ரெஜிஸ்டர் என்றால் குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தடி அட்டை போட்ட பேரேடு. சிரித்துவிட்டு விளக்கினாள்.

1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 சில்லில் ரெஜிஸ்டர்கள் 16 பிட். அதில் 65,536 இடங்களைத்தான் சுட்ட முடியும். நினைவகமோ 10 லட்சத்துக்கு மேல். அதனால் செக்மென்ட் ரெஜிஸ்டரில் உள்ள எண்ணை 16-ஆல் பெருக்கி, இன்னொரு எண்ணைக் கூட்டி விலாசம் காண்பார்களாம். பதினாறின் அடிப்படையிலான கணக்கில் 1000:0050 என்றாலும் 1005:0000 என்றாலும் ஒரே இடம்தான். "நம்ம வீடு மாதிரி" என்றேன்.

1985-இல் வந்த 80386-ஐப் பாதுகாப்பு முறைக்கு மாற்றினால் கதையே வேறு. ரெஜிஸ்டரில் இருப்பது, ஒரு பட்டியலில் எந்தப் பதிவு என்ற குறிப்பு மட்டுமே. அதை ஏற்றும் கணத்தில் சில்லு அந்தப் பதிவைப் படித்து, தொடக்க இடம், எல்லை முதலியவற்றை உள்ளே ஒரு மறைவான பையில் போட்டுக்கொள்ளும். அதன்பின் பட்டியலைப் பார்க்காது, பையைத்தான் பார்க்கும்.

அவள் நிரல், பரணிலிருந்து இறக்கிய பழைய கணினியில், திரையில் ஓர் எழுத்தைப் போடப் போனதும் ரீஸ்டார்ட் ஆனது. திரும்பத் திரும்ப. பட்டியல் சரி. சி.எஸ். ரெஜிஸ்டரை நேரே மாற்ற முடியாது, ஒரு தூரத் தாவல் செய்துதான் மாற்ற வேண்டும், அதையும் செய்திருந்தாள்.

"பட்டியலை மாத்தின, சரி. தபால்காரர்கிட்ட சொன்னியாம்மா?" என்றேன்.

சற்று யோசித்தாள். தரவுக்கான டி.எஸ். ரெஜிஸ்டரை மறுபடி ஏற்றவே இல்லை! அதன் பையில் பழைய 64 கே.பி. எல்லை. திரைக்கான நினைவகம் அதைத் தாண்டி இருக்கிறது. இரண்டு வரி சேர்த்தாள். எழுத்து வந்தது.

அந்தக் கேள்வி எனக்கு எப்படித் தோன்றியது என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், குடும்ப ஓய்வூதியம் கேட்டிருந்த ஓர் அம்மாள், திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குக் குடிமாறியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பேரேட்டில் சிவப்பு மையில் திருத்தினேன். இழுப்பறையில் இருந்த என் கைநோட்டில் திருத்தவில்லை. கடிதம் அனுப்பும்போது நான் பார்ப்பது கைநோட்டைத்தான். மூன்று கடிதங்கள் திரும்பி வந்தன. எட்டு மாதம் கழித்து அவரே வந்து நின்றார்.

"என் கண் முன்னாடிதானே சார் மாத்தி எழுதினீங்க?"

பேரேட்டைத் திறந்து காட்டினேன், என் மேல் தப்பே இல்லை என்பதுபோல. கைநோட்டைக் காட்டவில்லை.

தப்பு என்னுடையதுதான். அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.