விதைநெல் காக்கும் ஆதிரங்கம்

திருவாரூரில் தியாகராஜப் பெருமானைத் தரிசித்துவிட்டுத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் திருத்துறைப்பூண்டியை அடையலாம். இங்கு ஈசனின் திருநாமம் பிறவி மருந்தீசர், அம்பிகை பெரியநாயகி. அசுவினி நட்சத்திரத்தில் பிறந்தோர்க்குரிய தலம் என்பதால் வெளியூர் அன்பர்களும் வந்து வழிபடுகின்றனர். பிறவிப் பிணிக்கு மருந்தாகிய இறைவன் உறையும் ஊருக்கு அருகே, ஆதிரங்கம் என்னும் சிற்றூரில், பாரம்பரிய நெல்லைக் காக்கும் பண்ணை ஒன்று உள்ளது. கோயில் தரிசனத்துக்கு வருவோர் அதையும் கண்டு செல்லலாம்.

இது காவிரியின் கடைமடைப் பகுதி. ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும். மழை வெள்ளமோ முதலில் வந்து தேங்கும். இந்த மண்ணின் இயல்பறிந்து முன்னோர் நெல் வகைகளைத் தேர்ந்து வைத்திருந்தனர். நீர் தேங்கினாலும் தலைநிமிர்ந்து நிற்கும் காட்டுயானம் அவற்றுள் ஒன்று. யானை நுழைந்தாலும் தெரியாத அளவு உயர்ந்து வளர்வதால் அப்பெயர் பெற்றது என்பர். புதிய குறுகிய கால நெல் ரகங்கள் பரவிய பிறகு, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி, கருடன் சம்பா போன்றவை ஒவ்வொன்றாக வயலைவிட்டு மறையத் தொடங்கின.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்ற ஜெயராமன், ஊர் ஊராகச் சென்று 174 பாரம்பரிய நெல் வகைகளைத் திரட்டினார். மக்கள் அவரை ‘நெல் ஜெயராமன்’ என்றே அழைத்தனர். 2006ஆம் ஆண்டு முதல் ஆதிரங்கத்தில் நெல் திருவிழாவை நடத்தினார். விழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை விலையின்றி வழங்கப்படும். அவர் அதை விளைவித்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒருவர் தருவது அடுத்த ஆண்டு இருவருக்குப் போய்ச் சேரும்.

இந்த ஏற்பாட்டின் அருமை இடர்க்காலத்தில் விளங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பகுதியைச் சூறையாடியது. அடுத்த மூன்று வாரங்களுக்குள், டிசம்பர் 6 அன்று, ஜெயராமனும் இறைவனடி சேர்ந்தார். ஆயினும் விதை ஒரே களஞ்சியத்தில் இல்லை. பல ஊர் வயல்களில் பரவியிருந்தது. அவர் தொடங்கிய திருவிழாவும் நிற்கவில்லை.

இப்பகுதி அன்பர்களுக்கு நெல்லைப் பகிர்தல் புதிதன்று. பஞ்சத்தால் நெல் அனுப்ப இயலாது வருந்திய குண்டையூர்க் கிழாருக்கு ஈசன் நெல்மலையையே அருளினார். சுந்தரர் திருக்கோளிலியில் வேண்ட, பூதகணங்கள் அந்நெல்லைத் திருவாரூரில் சேர்த்தன. அப்போது பரவையார், அவரவர் வீட்டு எல்லையில் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளுமாறு பறையறைவித்தார் என்கிறது பெரியபுராணம். இறைவன் தந்த நெல் ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதாகவில்லை.

அருகில் விளைந்ததை உண்பதில் உடல்நலனும் அடங்கியிருக்கிறது. அரிசியை வெள்ளை வெளேரெனத் தீட்டும்போது தவிட்டோடு நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் நீங்கிவிடுகின்றன. தவிடு நீக்காத அரிசியிலோ எண்ணெய்ப் பசை இருப்பதால், நெடுநாள் வைத்தால் சிக்கு வாடை வீசும். ஆகவே அதைப் பக்கத்து ஊர் உழவரிடம் அவ்வப்போது சிறிது சிறிதாக வாங்குவதே ஏற்றது. இடைத்தரகின்றி வாங்கினால் உழவருக்கும் உரிய விலை கிடைக்கும். மெல்ல இயலாத முதியோர் அரிசியை இரவே ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிப் பருகலாம். சர்க்கரை நோயுள்ளோர், எந்த அரிசியாயினும், அளவை மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

திருத்துறைப்பூண்டிக்குச் செல்லும் அன்பர்கள், பிறவி மருந்தீசரைத் தொழுத பின், இப்பகுதியில் விளைந்த அரிசியில் ஒரு படியேனும் வாங்கி வரலாம். வீட்டுப் பூசையில் அதைப் பொங்கி நிவேதித்து, பேரப்பிள்ளைகளுக்குப் பிரசாதமாகக் கொடுக்கும்போது அந்த நெல்லின் பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம். உண்பார் இருந்தால்தான் விளைவிப்பார் இருப்பர். விளைவிப்பார் இருக்கும்வரை விதையும் இருக்கும்.