ஸார், ஒரு லெட்டர் வேணும்!

அமெரிக்காவில் மச்சான் இருப்பார். எதிர்வீட்டு மாமாவின் மாப்பிள்ளை இருப்பார். ஆனால், ‘அங்கே ஒரு ப்ரொபசரைத் தெரியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் சீலிங் ஃபேனைப் பார்ப்பார்கள்.

என் சித்தி பையன் போன வருஷம் இந்தக் கேள்வியோடுதான் அலைந்தான். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடன் கணக்கை வைத்து பிஎச்.டி. பண்ணுகிறான். ஃபுல்ப்ரைட்-நேரு ஃபெல்லோஷிப்புக்கு மனுப் போட ஆசை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, ‘வாப்பா, இங்கே வந்து ஆராய்ச்சி பண்ணு’ என்று அழைப்புக் கடிதம் இருந்தால் மனுவுக்குப் பலம். சித்தப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். சொந்தக் காசில் அமெரிக்கா என்பது அந்த வீட்டில் பேச்சுக்குக்கூட வராது. இருப்பது இந்த ஒரு வழிதான்.

“அண்ணா, நீ பத்திரிகையில எழுதறவன். ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணிக் குடு” என்று வந்து நின்றான். நான் வெறும் பி.காம்.! எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாட்டு விவகாரம், பரீட்சைக்குப் படித்த அந்நியச் செலாவணி பாடம்.

ஏற்கெனவே அறுபது பேருக்கு ஈமெயில் அனுப்பியிருந்தான். எல்லோருக்கும் ஒரே லெட்டர். மேலே பெயர் மட்டும் மாறும். தாங்கள் உலகப் புகழ் பெற்றவர், தங்கள் பாதம் பணிகிறேன் என்கிற ரகம். பதில்? பூஜ்யம்.

“டேய், நம்ம ராமானுஜன் இப்படியா எழுதினார்?” என்றேன்.

1913 ஜனவரி 16. மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம். அதற்கு முன் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியின் புத்தகத்தைப் படித்து, 36-ம் பக்கத்தில் இதற்கு இன்னும் சூத்திரம் இல்லை என்றிருந்த இடத்தைப் பிடித்து, ‘என்னிடம் இருக்கிறது’ என்றார். அந்தச் சூத்திரம் முழுக்கச் சரியில்லை என்பது வேறு விஷயம். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டி பதில் போட்டதும், உங்கள் கடிதம் ஒன்று இருந்தால் இங்கே ஸ்காலர்ஷிப் வாங்க உதவும் என்று அடுத்த மாதமே வெட்கப்படாமல் கேட்டார். அந்த வருஷமே மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாதம் 75 ரூபாய் கொடுத்தது.

ஆக, முதலில் சரக்கு. அப்புறம்தான் சிபாரிசு.

தம்பி தன் ஆராய்ச்சியில் மேற்கோள் காட்டியிருந்தவர்களிலேயே ஐந்து பேரைப் பொறுக்கினான். அவர்கள் கட்டுரைகளை மறுபடி உட்கார்ந்து படித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனி லெட்டர், அரைப் பக்கம்தான். உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். என்னிடம் நாற்பது குழுக்களின் கணக்கு நோட்டு இருக்கிறது. இத்தனை மாதம் வர விருப்பம். செலவு ஃபெல்லோஷிப்பைச் சேர்ந்தது, உங்களுக்குப் பைசா செலவில்லை. தேவை ஓர் அழைப்புக் கடிதம். முடிந்தது. இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல்.

மூன்று பேர் மௌனம். ஒருத்தர், ‘அந்த வருஷம் நான் லீவு’ என்றார். ஐந்தாவது, பெரிய பெயரில்லாத ஓர் அசோஸியேட் ப்ரொபசர் அம்மா. லெட்டர் தராமல் கேள்வி கேட்டார். கடனைத் திருப்பிக் கட்டாதவர்கள் உன் நோட்டில் ஏன் இல்லை என்றார். பையன் ஒரு வாரம் தூங்கவில்லை. திரும்ப கிராமத்துக்குப் போய், குழுவிலிருந்து விலகிய பெண்களைத் தேடிப் பேசி, மூன்றாவது அத்தியாயத்தையே மாற்றி எழுதினான். அதற்கப்புறம் வந்தது, லெட்டர்ஹெட்டில் அழைப்பு.

மனு போயிருக்கிறது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. கிடைத்தால் அமெரிக்கா. கிடைக்காவிட்டாலும் ஆராய்ச்சி உருப்படியாகிவிட்டது என்கிறான் பையன்.

சித்தப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. லெட்டரை பிரின்ட் எடுத்து, லாமினேட் பண்ண எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.